ரெயின் ஷவர், பாத்டப் வாங்கப் போறீங்களா? முதல்ல தொட்டியைப் பாருங்க!

கொல்லிமலை ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது. அந்த ஃபீல் மலை வீட்டு பாத்ரூமிலும் வேணும்னு ரெயின் ஷவர் வாங்குறீங்களா? ஒரு நிமிஷம்!

ஷவருக்கு 10 மீட்டர் மேலே தொட்டி இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். பல ரெயின் ஷவர்களுக்கு அந்த அளவு தேவை. வெறும் 3 மீட்டர் என்றால் 0.3 பார்தான். பிரஷர் பம்ப் இல்லாவிட்டால் மழை இல்லை, தூறல்தான்.

அடுத்து பாத்டப். 25 லிட்டர் கீசரின் 60 டிகிரி வெந்நீரை 20 டிகிரி தண்ணீரோடு கலந்தால், 40 டிகிரியில் 50 லிட்டர் வரும். 150 லிட்டர் டப்பில் அது மூன்றில் ஒரு பங்குதான். மலைக் குளிரில் மீதி நிரம்புவதற்குள் ஆறிடும். 75 லிட்டர் கீசராவது வேணும்.

மார்பிள் தேர்வு செய்யும் முன் பம்ப், கீசர், பைப் லைனை முடிவு பண்ணிடுங்க. பிறகு மாற்ற நினைத்தால், ஆசையா ஒட்டின டைல்ஸைத்தான் உடைக்கணும்!