பத்துக் கோடி மடங்கு பாகுபாடு

கோட்டையூர்க்காரர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். ஊரார் வாயில் அது சிக்ரி. 1953-இல் திறந்தார்கள். கரைசலில் கிடக்கும் உலோக அயனிகளை மின்சாரத்தால் வழிக்குக் கொண்டுவருவது அங்கே அன்றாட வேலை. மின்சாரமே இல்லாமல் அயனியை அடையாளம் கண்டு பிடிக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. பெயர் லான்மாடுலின்; அது பிடிப்பது அருமண் தனிமங்களின் அயனிகளை.

அழகப்பர் பிறந்த அதே 1909-இல்தான், குமரிக் கரையிலுள்ள மணவாளக்குறிச்சியிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர். லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் நிறைந்த கனிமம் அது. காற்றாலைக்கும் மின்கார் மோட்டாருக்கும் வேண்டிய வலிய காந்தம் நியோடிமியம் சேர்ந்தது. ஆனால் இந்த அயனிகளைப் பிரிப்பது பெரிய தலைவலி. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மூன்று நேர்மின்னூட்டம். பருமனில் மயிரிழை வித்தியாசம். அமிலமும் கரைப்பானும் விட்டுத் திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டும்.

லான்மாடுலினை 2018-இல் அறிவித்தது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து ஜோசப் கொட்ரூவோவின் குழு. மெத்தனாலைத் தின்று வாழும் ஒரு பாக்டீரியாவின் சொத்து இது. அருமண் அயனியைப் பிடிக்க இந்தப் புரதத்துக்குக் குறுக்கே நிற்பது கால்சியம். எங்கும் மலிந்தது, பருமனிலோ நியோடிமியத்துக்குச் சமம், ஆரம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு ஆங்ஸ்ட்ராம். அளவெடுத்து ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை.

மின்னூட்டம்தான் காட்டிக்கொடுக்கிறது: அருமண் அயனிக்கு மூன்று, கால்சியத்துக்கு இரண்டுதான். நீரில் எந்த அயனியும் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டே இருக்கும். அந்தப் போர்வையைக் கழற்ற ஆற்றல் செலவாகும். அயனியைச் சூழும் புரதத்தின் ஆக்சிஜன் அணுக்கள் அந்தச் செலவை ஈடுகட்ட வேண்டும். லான்மாடுலினில் பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட வளையங்கள் நான்கு உண்டு. நம் உடலில் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மாடுலினிலும் இதே வகை வளையங்கள்தான். ஆனால் லான்மாடுலினின் வளையம் ஒவ்வொன்றிலும் புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்றிப் பார்த்தபோது கால்சியத்தோடு ஒட்டும் தன்மை கூடிவிட்டது. இயல்பான புரதம், மூன்று மின்னூட்ட அயனி வந்து இழுக்கும்வரை தளர்ந்தே கிடக்கும். வந்ததும் சட்டென்று மடிந்து உருப்பெறும். கால்சியத்தைவிட அருமண் அயனிகளுக்கு அது தரும் முன்னுரிமை சுமார் பத்துக் கோடி மடங்கு!

ஓக் மரத்து மொட்டில் வாழும் இன்னொரு பாக்டீரியாவின் லான்மாடுலின் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. சற்றுப் பெரிய லாந்தன அயனி கிடைத்தால் இரண்டிரண்டாக இணைகிறது. சற்றுச் சிறிய டிஸ்புரோசியமானால் அந்த இணைப்பு பலவீனப்படுகிறது. அதை வைத்து நியோடிமியத்தையும் டிஸ்புரோசியத்தையும் ஒரே கட்டத்தில் 98 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையாகப் பிரித்தார்கள், 2023-இல். ஆரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு ஆங்ஸ்ட்ராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மணல் குமரிக் கரையில் இருக்கிறது, அயனியறிவு காரைக்குடியில் இருக்கிறது. ஈ. கோலை பாக்டீரியாவில் இந்தப் புரதத்தை வளர்த்தெடுப்பது நம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களுக்கு எட்டாத காரியமல்ல. ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதைக் கையிலெடுக்கலாம்.