கூலி கேட்கக் கூச்சம் எதற்கு?

"வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். வேலை வருகிறது, காசு வரமாட்டேன் என்கிறது. அக்கம்பக்கத்திலும் சொந்தக்காரர்களிடமும் கூலி கேட்க வாய் வரவில்லை" என்று இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்ததைப் படித்தேன். பன்னிரண்டு வருஷமாக அதே தொழிலில் இருப்பவள் என்பதால், அவருக்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும்.

நம் தொழிலுக்கு எதிரி பக்கத்துத் தெரு டெய்லர் இல்லை சகோதரி. "தானே" என்கிற வார்த்தைதான். "ரெண்டு கொக்கி தானே", "ஓரம் அடிக்கிறது தானே", "ஃபால்ஸ் வைக்கிறது தானே, டிவி பார்த்துக்கிட்டே வச்சிடுவியே!" ஒரு புடவைக்கு ஃபால்ஸை நனைத்துக் காயவைத்து, அயர்ன் பண்ணி, கீழ் ஓரத்தை மெஷினிலும் மேல் ஓரத்தைக் கையிலும் தைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவும் நடுவில் குக்கர் விசில் அடிக்காமல் இருந்தால்!

கேட்கக் கூச்சமாக இருப்பதற்குக் காரணம், நம் வேலைக்கு என்ன விலை என்று நமக்கே கணக்குத் தெரியாததுதான் என்பது என் அபிப்பிராயம். ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். லைனிங் ஜாக்கெட்டுக்கு நான் வாங்குவது 300 ரூபாய். லைனிங் துணி, நூல், கொக்கி, கரண்ட், உடைகிற ஊசி எல்லாம் சேர்த்து 90 ரூபாய் போய்விடும். மிச்சம் 210. வெட்டுவதில் ஆரம்பித்து ஹெம்மிங், கொக்கி முடிய மூன்று மணி நேரம். அப்படியானால் மணிக்கு 70 ரூபாய். இந்த 70 லாபம் இல்லை, என் கூலி. அதைக் குறைக்கச் சொல்கிறவர், என் கூலியில் கை வைக்கிறார். இது மனசில் பதிந்துவிட்டால் "முந்நூறுங்க" என்று சொல்லும்போது குரல் நடுங்காது.

லிஜ்ஜத் அப்பளம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1959-ல் மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் உருட்ட ஆரம்பித்ததுதான் அது. அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருதை விட எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்திருக்கிற கணக்கு. அங்கே உறுப்பினர்கள் எல்லோருமே முதலாளிகள். இருந்தாலும் உருட்டுகிற அப்பளத்துக்குக் கிலோ கணக்கில் ஒவ்வொருவருக்கும் கூலி உண்டு. லாபத்தில் பங்கு தனி. முதலாளியே ஆனாலும் உழைத்த கைக்குக் கூலி போட்டாக வேண்டும் என்று அவர்கள் வைத்திருக்கும்போது, நாம் மட்டும் ஏன் "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் தைக்கிறேன்" என்று சொல்லிக்கொள்கிறோம்? வீட்டில் சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்றை எந்தப் பெண்ணாவது பார்த்திருக்கிறாளா?

சரி, சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சகோதரியின் கேள்வியே அதுதானே. போன வருஷம் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். 14 ஜாக்கெட் துணியைப் பையில் போட்டு எடுத்து வந்தார். கூலி என்ற பேச்சே இல்லை. தாய்மாமன் வீடு என்ற உரிமை. ராத்திரி யோசித்தேன். 14 ஜாக்கெட் என்றால் 42 மணி நேரம். முகூர்த்த சீசனில் அத்தனை நேரத்தை விட்டால் பெண்ணின் ஸ்கூல் ஃபீசுக்கு வழியில்லை.

மறுநாள் போனில் சொல்லிவிட்டேன். "அண்ணி, முகூர்த்த ஜாக்கெட் எங்க சீர். மணி, லேஸ் எல்லாம் என் செலவு, நல்லா தைச்சுத் தர்றேன். மத்த 13-க்கும் கூலி வேணும்."

"தம்பி பொண்டாட்டிகிட்டயே காசு குடுத்துத் தைக்கணும்னா நான் கடையிலயே குடுத்திருப்பேனே!" என்றார்.

"தாராளமா குடுங்க அண்ணி, நான் வருத்தப்பட மாட்டேன்" என்றேன்.

அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்காகப் பேசியது யார் தெரியுமா? என் மாமியார்! "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அவ மிதிக்கிற சத்தத்தைக் கேக்கிறவ நான்தான்டா" என்றார் மகனிடம். இரண்டு நாள் கழித்து நாத்தனார் வந்து, எதுவும் பேசாமல் 3,000 ரூபாயை டேபிளில் வைத்துவிட்டுப் போனார். பாக்கி 900 இன்னும் நோட்டில் நிற்கிறது. கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு தடவை கேட்டாயிற்று!

வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது. முன்பு மாதிரி நாத்தனார் சமையல்கட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்து பேசுவதில்லை. ஆனால் இலவசமாகத் தைத்துக் கொடுத்திருந்தால், நான்தான் உள்ளுக்குள் அவரைத் திட்டிக்கொண்டு சிரித்திருப்பேன். அது மட்டும் நல்ல உறவா என்ன?

தமிழக அரசு, ஏழைப் பெண்களுக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறது. மெஷினை அரசாங்கம் கொடுக்கலாம். கூலியை வாய் திறந்து கேட்பதை நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சகோதரிக்கு இன்னும் ஒன்றிரண்டு விஷயம். துணி வாங்கும்போதே பாதிப் பணம் வாங்கிவிடுங்கள். "போன்ல போட்டு விடுறேன்" என்றால், "இப்பவே போடுங்க, சத்தம் வரட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். தையல் காசை மளிகை டப்பாவில் போடாதீர்கள், தனி பர்ஸ் வேண்டும். என் பெண்ணுக்குத் தைக்கிற பாவாடை சட்டைக்குக்கூட வீட்டுச் செலவிலிருந்து 200 ரூபாயை எடுத்து அந்தப் பர்ஸில் போடுகிறேன். என் கணவர் இதைக் கேலி செய்வார். போன மாதம் ஓவர்லாக் மெஷின் வாங்க அந்தப் பர்ஸிலிருந்துதான் முன்பணம் கொடுத்தேன், கேலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பே துணி வாங்குவதை நிறுத்திவிடுங்கள். நான் வாசலில் ஒரு அட்டையில் தேதியையும் கூலியையும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே படித்துவிடுகிறார்கள். அப்படியும் யாராவது "எனக்குமா?" என்று கேட்டால், என் மாமியாரே உள்ளேயிருந்து பதில் சொல்லிவிடுகிறார்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்.