வங்கிச் செலுத்துச் சீட்டும் கடைக் கணக்கும்

தோட்டப்புறங்களில் மளிகைக் கடையோ கூட்டுறவுப் பண்டசாலையோ நடத்துவோர், வசூலை வங்கியில் செலுத்தும் சீட்டைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. பணத்தைக் கொண்டு செல்பவர் ஒருவர்; கணக்கெழுதுபவர் மற்றொருவர். இவ்விருவருக்குமிடையே ஐயம் எழுமாயின், அதைத் தீர்க்க வல்லது வங்கி முத்திரையிட்ட நகலேயாகும்.

ஆகவே, உதிரிச் சீட்டுகளைவிட நகலுடன் கூடிய சீட்டுப் புத்தகமே வணிகத்திற்கு ஏற்றது. நிறுவனத்தின் பதிவுப் பெயரும் கணக்கு எண்ணும் அதில் அச்சிடப்பட்டிருப்பின், ஓர் இலக்கம் மாறிப் பணம் பிறர் கணக்கிற் சேரும் இடர் குறையும். தொடர் எண்ணும் இருத்தல் நன்று. கிழித்தெறியப்பட்ட தாள் அதனால் வெளிப்பட்டுவிடும். இத்தகைய புத்தகம் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு என்பவற்றைக் கணக்குள்ள கிளையிலேயே கேட்டறிதல் வேண்டும். வங்கியைக் கேளாமல் அச்சகத்தாரிடம் அச்சிட்டுக்கொள்வது வீண் செலவாகவே முடியலாம். வாரம் இருமுறை வங்கிக்குச் செல்பவருக்கு ஆண்டுக்கு 104 சீட்டுகள் போதும். மலிவென்று அடுக்கி வைத்தால், கணக்கு எண் மாறும் நாளில் அத்தனையும் குப்பைதான்.

ரொக்கத்தையும் காசோலையையும் தனித்தனிச் சீட்டில் எழுதுக. 2008 ஏப்ரல் முதல் மலேசியாவில் ரொக்க விற்பனையின் மொத்தத் தொகை ஐந்து சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. காசோலைக்கு அவ்விதி இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால், இரண்டு சென் வேறுபாட்டைத் தேடியே மாலைப்பொழுது கழிந்துவிடும்.

இயந்திரத்தில் நோட்டுகளைச் செலுத்துவோருக்குச் சீட்டு எழுதும் வேலையில்லை. எனினும், இயந்திரம் தரும் ரசீதின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அன்றே அதைப் படியெடுத்துக் கணக்கேட்டில் ஒட்டிவிடுதல் வேண்டும்.