தோற்கக் கற்றுத் தரும் தேர்தல்கள்

புது தில்லி: தலைநகரிலுள்ள ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கத் தேர்தல் நடைபெறும் ஆண்டுகளில், வாக்குப் பதிவுக்கு முன்பாக ஓர் இரவு யாரும் உறங்குவதில்லை. தலைவர் பதவிக்குப் போட்டியிடுவோர் அனைவரும் ஒரே மேடையில் ஏறி உரையாற்ற வேண்டும். எதிரணி வேட்பாளர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே பதிலளிக்க வேண்டும். இந்தத் தேர்தலை நடத்துவதும் நிர்வாகம் அல்ல. மாணவர்களே அமைத்துக்கொள்ளும் தேர்தல் குழு. பல்லாயிரம் பேர் முன்னிலையில் திணறிப்போன வேட்பாளர், மறுநாள் காலையில் அதே உணவு விடுதிக்குத்தான் வந்தாக வேண்டும்.

தலைமைப் பண்பையும் மன உறுதியையும் வளர்ப்பதற்கென இன்று கல்லூரிதோறும் பயிலரங்குகள் நடத்தப்படுகின்றன. இறுதியில் சான்றிதழும் உண்டு. ஆனால், இந்தியாவில் தலைமைப் பண்பு விளைந்த களம் வேறு. தில்லி பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் தலைவராக 1974-இல் தேர்வான அருண் ஜேட்லி, நெருக்கடி நிலையின்போது 19 மாதங்கள் சிறையில் இருந்தார். சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரி, 1977-இல் ஜே.என்.யு. மாணவர்களோடு இந்திரா காந்தியின் இல்லத்துக்கு ஊர்வலமாகச் சென்று, அவரை அருகில் வைத்துக்கொண்டே, அவர் வேந்தர் பதவியிலிருந்து விலக வேண்டும் என்ற மனுவை வாசித்தார். இந்திராவும் பின்னர் விலகினார். அசாம் மாணவர் சங்கத் தலைவராக இருந்த பிரபுல்ல குமார் மஹந்தா, 1985-இல் அம்மாநில முதல்வரானார். மாணவர் அரசியலின் வலிமையைத் தமிழகத்துக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. 1967-இல் விருதுநகரில் காமராஜரை வென்ற சீனிவாசன் ஒரு மாணவர் தலைவர்தான்.

இந்தக் களம் சீரழிந்ததையும் மறுப்பதற்கில்லை. பணமும் அடியாள் பலமும் வளாகங்களுக்குள் நுழைந்தன. 2006 ஆகஸ்டில் உஜ்ஜயினி கல்லூரி ஒன்றில் தேர்தல் தகராறில் பேராசிரியர் சபர்வால் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. அடுத்த மாதமே, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது; அச்சிட்ட சுவரொட்டிகள் கூடாது; 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும்; சங்க நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரு முறை மட்டுமே போட்டியிடலாம் என்பவை அவற்றுள் சில.

விதிகள் காகிதத்தில் இருக்கின்றன. தில்லி பல்கலைக்கழகத் தேர்தலில் 2024-இல் சுவர்களெல்லாம் வேட்பாளர் பெயர்களால் நிறைந்தன. அவற்றைச் சுத்தம் செய்யும் வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. செப்டம்பரில் பதிவான வாக்குகள் நவம்பரில்தான் எண்ணப்பட்டன. மறுபுறம், கையால் எழுதிய சுவரொட்டிகளையே நம்பியிருந்த ஜே.என்.யு.வின் தேர்தல், லிங்டோ விதிகளுக்கு முரணானது என்று 2008-இல் நிறுத்தப்பட்டு, 2012-இல்தான் மீண்டும் நடந்தது. 2019-க்குப் பிறகு மற்றோர் இடைவெளி. 2024 மார்ச்சில்தான் அடுத்த தேர்தல். பிற்காலத்தில் பிரதமரான வி.பி. சிங் துணைத் தலைவராக இருந்த அலகாபாத் பல்கலைக்கழக மாணவர் சங்கம் 2019-இல் கலைக்கப்பட்டது. ராஜஸ்தானில் 2023-இல் மாநில அரசே மாணவர் தேர்தல்களை ரத்து செய்தது.

லிங்டோ குழு தேர்தலுக்கு எதிரானதன்று என்பதே இங்கு மறக்கப்படும் செய்தி. அமைதியான தேர்தலுக்குச் சூழல் இல்லாத இடங்களில் மட்டும் நியமன முறையை இடைக்கால ஏற்பாடாக அது அனுமதித்தது. அதுவும் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்ற நிபந்தனையுடன். கட்டுப்பாடுகளை ஆர்வத்துடன் ஏற்ற நிர்வாகங்கள் பல, இந்தக் கடமையை வசதியாக மறந்துவிட்டன.

இதன் மறுபக்கம் கவலையளிப்பது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். உயர் கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் மன நலம் குறித்து ஆராய, முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக் குழுவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அமைத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூலையில் அறிவுறுத்தியது. இவை காலத்தின் தேவை.

சங்கம் இருந்தால் இத்துயரங்கள் நேராது என்று எவரும் கூற முடியாது. ஒவ்வொரு மரணத்துக்கும் காரணங்கள் பல. ஆனால், கட்டண உயர்வு, விடுதிப் பாகுபாடு, தாமதமாகும் உதவித்தொகை போன்ற குறைகள் ஆலோசகரின் அறைக்குள் தீர்பவை அல்ல. தனியாக முறையிடத் தயங்கும் முதல் தலைமுறை மாணவனுக்காகத் துணைவேந்தரின் அறைக்குள் சென்று பேசும் உரிமை, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிக்கே உண்டு. தோற்ற பிறகும் அடுத்த நாள் எழுந்து நிற்கும் பழக்கத்தையும் எந்தப் பயிலரங்கும் கற்றுத் தருவதில்லை.

1989 முதல் 18 வயதினர் நாட்டின் பிரதமரைத் தீர்மானிக்கும் வாக்குரிமை பெற்றிருக்கின்றனர். தங்கள் விடுதியின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவர்களுக்குப் பக்குவம் போதாது என்று எந்த நியாயத்தின் பேரில் கூறுகிறோம்? மன உறுதி குறித்துக் கவலைப்படும் பல்கலைக்கழகங்கள் முதலில் பதிலளிக்க வேண்டிய கேள்வி இதுவே.