மரணப் படுக்கையருகே பணிபுரிவோரும் ஓவியமும்

இறுதிக்கட்ட நோயாளரைப் பராமரிக்கும் தாதியரும் சமூகப் பணியாளரும் நாளாந்தம் மரணத்தை எதிர்கொள்பவர்கள். நேற்றுவரை கைபிடித்துப் பேசியவரின் கட்டில் இன்று வெறுமையாகி, மாலைக்குள் இன்னொருவர் அதில் படுத்திருப்பார். இடையில் அழுது ஆறுவதற்குப் பணிமுறை இடமளிப்பதில்லை. இவ்வாறு தேங்கும் துயரமே காலப்போக்கில் தீராத களைப்பாகவும், நோயாளர் மீதான பற்றின்மையாகவும், தம்மால் எதுவும் ஆகாது என்ற எண்ணமாகவும் உருவெடுக்கின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019 ஆம் ஆண்டில் இந்நிலையை ஒரு நோயாக அன்றி, தொழில்சார்ந்த தோற்றப்பாடாகவே வரையறுத்தது.

ஹொங்கொங்கில் இத்தகைய 132 பணியாளர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2014 இல் வெளியானது. அவர்களுள் 69 பேர் ஆறு வாரங்களில் 18 மணித்தியாலங்கள் கலைச் சிகிச்சை வழியிலான மேற்பார்வையில் பங்குபற்றினர். ஏனைய 63 பேருக்கு அதே 18 மணித்தியாலங்கள் மூன்று நாட்களில் வழமையான திறன்விருத்தி முறையில் வழங்கப்பட்டன. மேற்பார்வை என்பதை இங்கு அதிகாரியின் கண்காணிப்பு எனக் கொள்ளலாகாது. தம் பணி அனுபவங்களைப் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையுடன் மீட்டுப் பார்ப்பதே அது. கலைவழிக் குழுவினரிடத்தில் களைப்பும் மரண அச்சமும் குறிப்பிடத்தக்களவு குறைந்து, தம் உணர்வுகளை அறியும் ஆற்றல் கூடியிருந்தது.

வரையத் தெரியாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். இங்கு அழகு அளக்கப்படுவதில்லை. மருத்துவ அறிக்கைகளை எழுதிப் பழகிய கைக்குத் துயரத்தை எழுதச் சொற்கள் வாய்ப்பதில்லை; நிறத்துக்கும் கோட்டுக்கும் அந்தத் தடை குறைவு. மனதிற்குள் கிடந்தது தாளில் இறங்கியதும் சற்றே விலகி நின்று அதனைப் பார்க்க முடிகின்றது. காசநோய்ச் சிகிச்சை நிலையத்தில் தங்கியிருந்தபோது வரைந்து தேறிய ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில், 1942 இல் கலைச் சிகிச்சை என்ற பெயரை வழங்கியதும் அத்தகைய அனுபவத்தின் வழியாகவே.

எனினும், ஹொங்கொங் ஆய்வை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. பங்குபற்றியோர் எழுமாறாகப் பிரிக்கப்படவில்லை. ஆறு வார இடைவெளியே ஆறுதலில் ஒரு பங்கை அளித்திருக்கவும் கூடும். பின்னர் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுமாறாகப் பிரித்த குழுக்களில் இதையொத்த முறையைப் பரீட்சித்தமை அந்த வகையில் முக்கியமானது.

நிர்வாகங்கள் இதனை ஆளணிப் பற்றாக்குறையை மூடும் மலிவான போர்வையாக்கும் அபாயமும் உண்டு. ஒரு தாதி நாற்பது நோயாளரைப் பார்க்கும் விடுதியில் வர்ணப்பெட்டியால் ஆவது சொற்பமே. வாரம் மூன்று மணித்தியாலம் கடமை நேரத்திலிருந்தே ஒதுக்கப்பட வேண்டும். வரைந்தவர் விரும்பினாலன்றி அப்படம் மேலதிகாரியின் மேசைக்குப் போகவும் கூடாது.