மழை முடியும் நேரத்தில் ஒரு புன்னை

கொச்சிக்கு அருகில் வைப்பின் தீவு இருக்கிறது. மேற்கே அரபிக் கடல். கிழக்கே காயல். 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் வந்த வெள்ளம் மண்ணைக் கொண்டுவந்து சேர்த்ததால் இந்தத் தீவு உண்டானது என்று சொல்வார்கள். இங்கே மணல் அதிகம். உப்புக் காற்றும் அதிகம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஏற்ற மரம் புன்னை. உப்பையும் காற்றையும் அது தாங்கும். ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். அதன் மரம் படகு கட்ட உதவும். அதன் விதை எண்ணெயில் முன்பு விளக்கு எரித்தார்கள்.

எப்போது நடுவது?

ஜூன் மாதம் பெருமழை தொடங்கும். அப்போது நடுவதே நல்லது. அது தவறினால் அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை உண்டு. இதை மலையாளத்தில் துலாவர்ஷம் என்பார்கள். அந்த ஆண்டுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

ஏன் இந்த அவசரம்? தேக்கு மரம் கோடையில் இலையை உதிர்க்கும். அதனால் அதற்குத் தண்ணீர் குறைவாகவே போதும். புன்னை அப்படி மொத்தமாக உதிர்ப்பதில்லை. அதன் இலைகள் கோடையிலும் நீரை ஆவியாக வெளியே விடும். அந்த நீரை வேர்தான் கொடுக்க வேண்டும். வேர் பிடிக்கும் முன்பே வெயில் வந்தால் செடி காய்ந்துவிடும். கொடுத்த காசும் வீணாகும்.

கன்று வாங்கும்போது

மழை முடியும் நேரத்தில் நாற்றுப் பண்ணையில் மிஞ்சிய கன்றுகள் இருக்கும். உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. சின்னப் பையில் பெரிய கன்று இருந்தால் வேர் உள்ளேயே சுருண்டிருக்கும். பையின் அடியைப் பாருங்கள். தடித்த வேர் வெளியே வந்திருந்தால் அந்தக் கன்று வேண்டாம். இலையின் அடியில் பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். நிழலில் வளர்ந்த கன்றைச் சில நாள் வெயிலுக்குப் பழக்கிய பிறகு நடுங்கள்.

நடும் முறை

ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம் குழி போதும். மணலோடு மக்கிய எரு கலக்குங்கள். தண்ணீர் தேங்கும் இடமானால் குழி வேண்டாம். மண்ணை மேடாக்கி அதில் நடுங்கள். பையைக் கிழித்து எடுத்துவிடுங்கள். வேரைச் சுற்றியுள்ள மண் உடையக் கூடாது. தண்டு மண்ணில் புதையவும் கூடாது. காற்றில் சாயாமல் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். சுற்றிலும் தேங்காய் மட்டை, சருகு போடுங்கள். ஈரம் காக்கும். ஆனால் அவை தண்டைத் தொடக் கூடாது.

கோடையில்

மணலில் தண்ணீர் நிற்காது. ஆகவே மண் காயக் காய ஊற்ற வேண்டும். கோடையில் கிணற்று நீர் உப்பாக மாறலாம். ஊற்றும் முன் சிறிது நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் இளங்கன்றுக்கு வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம். மேற்குப் பக்கம் தென்னங்கீற்று ஒன்றைச் சாய்த்து வையுங்கள்.

மழை முழுவதும் நின்ற பிறகு கன்று கைக்கு வந்தால்? நடாதீர்கள். பெரிய பைக்கு மாற்றி, அரை நிழலில் வைத்து நீர் ஊற்றுங்கள். ஜூனில் நடலாம். அதனால் நஷ்டம் இல்லை.

நட்ட தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். தண்ணீர் ஊற்றிய நாளையும் குறியுங்கள். முதல் கோடையைத் தாண்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் இலை உதிர்க்காத மரங்கள் எவை?
2. உங்கள் ஊரில் கடைசி மழை எந்த மாதம் பெய்யும்?