பார்க் எக்ஸ்டென்ஷன்: பராமரிப்புப் பணியாளருக்கு முதலாளி யார்?

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு காலத்தில் கிரேக்கர்கள் நிறைந்திருந்தனர். இன்று அங்கு தெற்காசியக் குடியேறிகள் அதிகம். இலங்கைத் தமிழர்களும் அவர்களில் அடங்குவர். இங்கிருந்து நகரின் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு வேலைக்குச் செல்வோரில் பலர், தற்காலிகப் பணியாளர்களை வழங்கும் முகவர் நிறுவனங்கள் வாயிலாகவே அனுப்பப்படுகின்றனர். சம்பளம் தருவது ஒருவர், வேலை வாங்குவது மற்றொருவர். நிர்வாகம் சீர்கெடும்போது யாரிடம் முறையிடுவது என்ற சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இதன் விபரீதம் 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மொன்றியல் தீவின் மேற்கே, டோர்வாலில் இருந்த ஹெரோன் என்ற தனியார் இல்லத்திற்கு மார்ச் 29ஆம் தேதி சுகாதார அதிகாரிகள் சென்றபோது, சுமார் 130 முதியோரைக் கவனிக்க ஒரு சில ஊழியர்களே இருந்தனர். மார்ச் 13 முதல் அங்கு 31 பேர் இறந்திருந்ததாக ஏப்ரல் 11ஆம் தேதி கியூபெக் முதல்வர் ஃபிரான்சுவா லெகோ அறிவித்தார். மரண விசாரணை அதிகாரி கெஹான் கமெலின் அறிக்கை 2022இல் வெளியானது. இல்லத்தை நடத்தியவர்களுக்கும் சுகாதாரத் துறைக்கும் இடையே, பொறுப்பு யாருடையது என்பதில் நிலவிய குழப்பம் அந்த விசாரணையில் விரிவாகப் பேசப்பட்டது.

ஊழியர்கள் வேலைக்கு வராததே காரணம் என்று அப்போது பலர் குறை கூறினர். பாதுகாப்புச் சாதனங்களும் தெளிவான உத்தரவுகளும் இல்லாத இடத்தில் அக்குற்றச்சாட்டு பாதி உண்மையே. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை கியூபெக் சட்டம் தொழிலாளருக்கு அளிக்கிறது. ஆனால் அம்மறுப்பு வேறொருவரின் உயிரையோ உடல்நலத்தையோ உடனடி ஆபத்துக்கு உள்ளாக்குமெனில் அந்த உரிமை செல்லாது. தொழிற்சாலையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு விலகி நிற்கலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரை விட்டு எப்படி விலகுவது? மோசமான நிர்வாகத்தின் சுமை இவ்வாறு கடைசிப் படியில் நிற்பவரின் தோளில் இறங்குகிறது.

அகதித் தஞ்சம் கோரியிருப்பவருக்கு இன்னொரு அச்சமும் உண்டு. முறையிட்டால் தமது வழக்கு பாதிக்கப்படுமோ என்பது அது. பெருந்தொற்றுக் காலத்தில் பணியாற்றிய தஞ்சக் கோரிக்கையாளர்களுக்கு நிரந்தர வதிவிட உரிமை வழங்கும் சிறப்புத் திட்டத்தை கனடா 2020 டிசம்பரில் தொடங்கி 2021 ஆகஸ்டில் முடித்தது. நோயாளிகளை நேரடியாகப் பராமரித்தவர்களுக்கே அது பொருந்தியது. அதே கட்டடத்தில் தரை துடைத்தவர்களும் சமையலறையில் நின்றவர்களும் விடுபட்டனர்.

சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. முகவர் நிறுவனங்கள் 2020 முதல் உரிமம் பெற வேண்டும்; சம்பள பாக்கிக்கு முகவரும் இல்லமும் கூட்டாகப் பொறுப்பாளிகள். முகவர் வழியாக வந்தவர் என்பதற்காக மட்டும், அதே வேலையைச் செய்யும் இல்லத்து ஊழியரைவிடக் குறைந்த ஊதியம் தர முடியாது. மேலதிகாரியின் தொடர்ச்சியான அவமதிப்பு உளரீதியான துன்புறுத்தல் எனக் கருதப்படலாம். கடைசிச் சம்பவத்திலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அதுபற்றி முறையிடலாம். ஆயினும், உரிமையைக் கேட்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 45 நாட்களுக்குள் முறையிட்டாக வேண்டும். பிரெஞ்சு மொழியில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடும் ஒருவருக்கு அந்த 45 நாட்கள் விரைவில் கரைந்துவிடுகின்றன.